ராகேலுக்குப் புது நன்மை இல்லை

றொனி மன்னாரில் பிறந்த கத்தோலிக்கன். பலேர்மோ துறைமுகத்தில் ஜெனோவா போகும் கப்பலுக்கு வாகனம் ஏற்றுகிற வேலை. அவன் கட்டிய மிரெல்லா யூதப் பெண். யூதருக்குத் தாய்வழிதான் வழி என்பதால் மகள் ராகேலும் யூதப் பிள்ளையாகவே வளர்ந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் மிரெல்லா சாகக் கிடந்தபோது அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஐநூறு வருடத்துக்கு முன் யூதர்களைத் துரத்திய ஊர் இது. திரும்பி வந்து சேர்ந்தவர்களே கொஞ்சப்பேர். பிள்ளையோடு அந்த வழி அறுந்துபோகக் கூடாது.

றொனிக்கு எபிரேயம் ஒரு சொல்லும் தெரியாது. மிரெல்லா சொல்லிவந்த செபங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினான். யூதரின் ஓய்வுநாள் தொடங்குகிற வெள்ளி இரவுகளில் அவன் வாசிப்பதைக் கேட்டு ராகேல் வயிறு நோகச் சிரிப்பாள். பிறகு திருத்துவாள்.

வைகாசி மாதம் றொனியின் அக்கா புனிதமலரின் கடைசி மகளுக்குப் புது நன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள் என்பதால் கோயில் மண்டபத்தில் பெரிய விருந்து. பங்கிலே மூத்தவரான பவுல் அண்ணை ராகேலின் தலையைத் தடவி, "பிள்ளைக்கு எப்ப?" என்று கேட்டார்.

"வாற வருசம் அண்ணை. தாய் இருக்கேக்கை ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு. இனி என்ன, ஞானஸ்நானத்தையும் குடுத்து ஒண்டாச் செய்வம்" என்றாள் புனிதமலர்.

இரண்டு வருடமாக அக்கா இப்படித்தான் சொல்லிவந்தாள். அவனை இந்த ஊருக்குக் கூப்பிட்டவள் அவள். அதனால் அவனும் வாய் திறந்ததில்லை. இன்று ராகேல் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"இல்லை அண்ணை. ராகேலுக்குப் புது நன்மை இல்லை. அவள் யூதப் பிள்ளை, தாயைப் போலை."

பக்கத்து மேசைக்காரர் திரும்பினார்கள்.

"சனத்துக்கு முன்னாலை என்ன கதை இது?" என்றாள் அக்கா. "பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும், மாமி" என்று ராகேல் எழுந்தாள். படுக்கப்போகுமுன் தாய் சொல்லிக்கொடுத்த எபிரேயச் செபத்தை, மண்டபத்து மாதா சிலைக்கு முன்னால் நின்று, உரத்துச் சொன்னாள். நடுவில் தடக்கியது. றொனி அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தான். பிழையாகத்தான் கொடுத்தான்.

"அப்பிடி இல்லையப்பா" என்று அத்தனை பேருக்கும் கேட்கத் திருத்திவிட்டு அவள் முடித்தாள்.

"அப்ப நீயும் மாறிட்டியோ?" என்றாள் அக்கா.

"நான் மாறேல்லை. ஞாயிறு பூசைக்கு வருவன். இது என்ரை இல்லை அக்கா, அவளின்ரை. தாய் விட்டுட்டுப் போனதை நான் வித்துத் தின்ன ஏலாது."

"இனி என்ரை வாசல் மிதியாதை."

வீடு இருந்த பிரான்காச்சோவுக்குப் போகிற பஸ்ஸில் ராகேல் அவன் தோளில் சாய்ந்தாள். "பயமா இருந்ததோ அப்பா?"

"ஓம்."

"எனக்கும். ஆனா நல்லாச் சொன்னன், என்ன?"

"நீ நல்லாச் சொன்னாய். நான்தான் பிழைவிட்டன்."

அடுத்த ஞாயிறு அவன் சொன்னபடியே பூசைக்குப் போனான். வழக்கமான வாங்கில் உட்கார்ந்தான். பக்கத்தில் ஒருவரும் வந்து இருக்கவில்லை. இரண்டு வாங்கு முன்னால் அக்கா, திரும்பியும் பார்க்கவில்லை. பூசை முடிய பவுல் அண்ணைதான் தயங்கித் தயங்கிக் கிட்ட வந்தார். "பிள்ளை வரேல்லையோ, தம்பி?"

"வீட்டிலை, கீழ் வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாவோடை. நேப்பிள்ஸிலை இருந்து ஒரு ரீச்சர் ஒன்லைனிலை எபிரேயம் படிப்பிக்கிறா" என்றான் றொனி. அக்காவின் காதில் விழட்டும் என்றே அவன் குரலைத் தாழ்த்தவில்லை.