சுக்ராஜி மௌசி மேடையில் சொன்னது

ஆக்லாந்தின் தெற்குப் பக்கத்தில் குடியிருந்த ஃபிஜி இந்தியர் வீடுகளில் ஒரு பெண் செத்துப்போனால் முதல் போன் டாக்டருக்குப் போகும். இரண்டாவது சுக்ராஜிக்குத்தான். அவளுக்கு எழுபத்தாறு வயது. ஊருக்கெல்லாம் மௌசி, அதாவது சின்னம்மா. யாருக்கும் அவள் உண்மையில் சின்னம்மா இல்லை.

ஃபிஜியில் லம்பாசா என்கிற ஊரில் கரும்பு வெட்டின குடும்பம். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறு வருஷம், புருஷனோடும் மகன் அவினேஷோடும் இங்கே வந்துவிட்டாள். வந்த சில வருஷத்தில் நாத்தனார் செத்துப்போனாள். சவத்தைக் குளிப்பாட்ட ஈமச்சடங்கு நிறுவனத்து வெள்ளைக்காரப் பெண்கள் ரப்பர் குழாயோடு வந்து நின்றதைப் பார்த்ததும் சுக்ராஜிக்கு மனசு பொறுக்கவில்லை. "தள்ளுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனவள்தான். அதற்கப்புறம் நூற்று அறுபத்திரண்டு பெண்களைக் கழுவியிருக்கிறாள். வெந்நீரில் மஞ்சள் கரைத்து, நகம் வெட்டி, சிக்கெடுத்து, புடவை கட்டி, சுமங்கலியாகப் போனவளுக்கு வகிட்டில் குங்குமமும் வைத்து அனுப்புவாள். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. உடம்பில் பார்த்தது எதையும் வெளியே சொன்னதுமில்லை. சூட்டுத் தழும்பு, பல் கடித்த தடம், யாருக்கும் தெரியாமல் பெற்ற பிள்ளையின் தையல் எல்லாம் சவத்தோடு எரிந்து போகும்.

அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் ஷலேந்திரா போன் பண்ணினான். வீடு கட்டி விற்கிறவன், ஃபிஜி இந்தியர் சங்கத்துக்குத் தலைவன்.

"மௌசி, கிர்மிட் தினத்துக்கு இந்தத் தடவை ஏழு பெரியவங்களுக்குச் சால்வை போடுறோம். உங்க பேரும் இருக்கு."

"எனக்கு எதுக்குடா?"

"என்ன மௌசி இப்படிக் கேக்கறீங்க? கூலி ஒப்பந்தத்துல கைநாட்டு வச்சுக் கப்பலேறினாங்களே நம்ம பாட்டன் பூட்டன், அவங்க வம்சத்துல சமூக சேவை செஞ்சவங்களுக்குத்தானே இந்த மரியாதை. உங்களை விட்டா வேற யாரு?"

போனை வைத்த கையோடு லம்பாசாவில் இருந்த தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னாள். மூன்று நாளில் நாலு தடவை சொன்னாள். அவினேஷுக்கும் ரொம்ப சந்தோஷம். ஷலேந்திரா கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் தரைக்கல் பதிப்பது அவன்தான். "அம்மா, தலைவர் நம்மள மறக்கல பாரு" என்றான்.

விழா ஒரு சனிக்கிழமை மத்தியானம். வெளியே மே மாதத்துக் குளிர் காற்று. உள்ளே ஆட்டுக்கறி மணத்தது. மரியாதை பெறுகிறவர்களுக்கென்று போட்ட மேசை சமையல்கூட வாசலை ஒட்டி இருந்தது. சுக்ராஜியின் வலது பக்கம் நாற்காலி காலி. ஒருத்தி வந்து உட்காரப் போனவள், பக்கத்தில் இருப்பது யாரென்று பார்த்ததும், "அச்சச்சோ, பையக் கார்லயே விட்டுட்டேன்" என்று போனாள். போனவள் வேறு மேசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இடது பக்கம் ஹர்பால் கிழவர். வயது எண்பத்தாறு. சிறுநீரகம் கெட்டவர்களை இருபது வருஷமாக ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்த மனிதர்.

"சுக்ராஜி, நம்மள ஏன் வாசல் பக்கம் வச்சிருக்கான் தெரியுமா?"

"ஏனாம்?"

"போறதுக்குச் சுலபம். நான் கார்ல ஏத்துவேன், நீ கழுவி அனுப்புவே."

சிரித்தாள். ஆனால் காலி நாற்காலியின் மேல் போன கண் திரும்பவில்லை.

மேடையில் பேர் படித்தபோது, "பண்பாட்டுச் சேவைக்காகத் திருமதி சுக்ராஜி" என்றார்கள். மேடை ஏறும்போதே ஷலேந்திராவிடம் மெதுவாகக் கேட்டாள்: "என்னடா பண்பாடு? நான் பாடினேனா, ஆடினேனா? செத்தவங்களக் குளிப்பாட்டினேன்னு படிக்க வேண்டியதுதானே?"

"சாப்பாட்டு நேரம் மௌசி. கறி ஆறிக்கிட்டிருக்கு. இப்பப் போயி பொணம் கிணம்னு..."

சால்வை போட வந்தவள் ஷலேந்திராவின் மனைவி உர்மிளா. சால்வையின் இரண்டு முனைகளையும் விரல் நுனியில் பிடித்து, பந்தல்மேல் துணி விரிக்கிற மாதிரி எட்ட நின்று வீசினாள். அது ஒரு தோளில் விழுந்து மறு தோளில் நழுவியது. சரிசெய்யவில்லை. மாலையையும் அப்படியே. திரும்பும்போது பக்கத்தில் நின்ற சிநேகிதியிடம் சொன்னது சுக்ராஜியின் காதில் தெளிவாக விழுந்தது.

"கை கழுவ எங்கடி போகணும்? வியாழக்கிழமைதான் ஒரு பொணத்தத் தொட்டுட்டு வந்திருக்கு இது."

இது. அஃறிணை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் உர்மிளாவின் அம்மாவைக் கழுவியதும் இதே கைதான். அந்த அம்மாளை வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற கொட்டகையைத் தடுத்து ஒரு அறையில் போட்டிருந்தார்கள். பார்த்துக்கொள்ள வாரத்துக்கு ஐந்து நாள் ஒரு கூலிப் பெண். சனி ஞாயிறு யாருமில்லை. சவத்தைப் புரட்டிப் போட்டபோது சுக்ராஜிக்கே தலை சுற்றியது. இடுப்புக்கு மேலே புண் குழியாகி எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நாற்றம் மறைய மூன்று தடவை மஞ்சள் அரைத்துப் பூசி, புண்ணில் பஞ்சை அடைத்து, ஆரஞ்சு நிறப் பட்டுப் புடவை கட்டி அனுப்பினாள். வெளியே உர்மிளா மூர்ச்சை போட்டு விழுந்து அழுதாள். எல்லாரும் அவளைத்தான் தேற்றினார்கள்.

ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசலாம் என்றார்கள். மற்றவர்கள் கும்பிடு போட்டு இறங்கினார்கள். சுக்ராஜி மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பண்பாடு ஒண்ணும் தெரியாது. நான் பொணம் கழுவறவ. நூத்தி அறுபத்திரண்டு பொம்பளைங்க. உங்க அம்மா, உங்க மாமியார், உங்க அக்கா. உயிரோட இருக்கறவங்க எங்கிட்ட என்ன வேணும்னாலும் பொய் சொல்லலாம். செத்த உடம்பு பொய் சொல்லாது."

முள் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஒரு அம்மா வந்தா. முதுகுல என் முஷ்டி போற அளவுக்குப் புண்ணு. எலும்பு தெரியுது. நாய்க்குக்கூட அப்படி வரவிடமாட்டோம். அவளப் பெத்தெடுத்த... இல்ல, அவ பெத்தெடுத்த மக வெளிய மார்ல அடிச்சுக்கிட்டு அழுதா. அந்த மக இன்னிக்கு இங்கதான் இருக்கா. கறி நல்லா இருக்கா மகளே?"

சொல்லிவிட்டு உர்மிளாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கோடு கலையவில்லை. "ச்சே, ச்சே, பாவம், எந்தப் பாவியோ" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நடிப்பில்லை. அம்மாவின் முதுகை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. கூலிப் பெண் சொல்லியிருந்தால் காதில் வாங்கியுமிருக்க மாட்டாள்.

எழுந்தது வேறொருத்தி. கடைசி மேசையில் ரொட்டி பரிமாறிக்கொண்டிருந்த சுனிலா. தட்டை மேசையில் வைத்தாள். ஏப்ரனைக் கழற்றி மடித்தாள். முந்நூறு பேர் பார்க்க, நடு வழியாக நடந்து வெளியே போனாள்.

சுனிலா கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் விடியற்கால ஷிப்ட் போகிறவள். புருஷன் விட்டுப் போய்விட்டான். படுத்த படுக்கையான அம்மாவை நாலு வருஷம் தன்னந்தனியாகப் பார்த்தாள். அந்த அம்மாள் முதுகிலும் ஒரு புண் இருந்தது. உள்ளங்கையில் பாதி. மருந்து போட்டு, சுத்தமாக, ஆறிக்கொண்டிருந்தது. கழுவி முடித்து வெளியே வந்து சுக்ராஜியே அவள் கன்னத்தைத் தொட்டு, "பூ மாதிரி வச்சிருந்தே மகளே" என்று சொல்லியிருந்தாள். போன வருஷம்தான்.

"அவ இல்ல!" என்று மைக்கில் கத்தினாள். ஆனால் ஷலேந்திரா கண்ணைக் காட்ட, மைக்கை அணைத்துவிட்டு பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. சுனிலாவா? அந்த ஊமைக் கோட்டானா? பாத்தா அப்படித் தெரியலையே.

மறுநாள் சுக்ராஜி பஸ் பிடித்து சுனிலா வீட்டுக்குப் போனாள். கதவு பாதிதான் திறந்தது.

"உன்னைச் சொல்லல மகளே. சத்தியமா."

"புண்ணு இருந்துச்சுதானே மௌசி, எங்கம்மாவுக்கு?"

"அது புண்ணே இல்ல. அது..."

"ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடணும்னு நர்ஸ் சொன்னா. எனக்கு எட்டு மணி நேரம் வேலை. எட்டு மணி நேரத்துல எத்தனை ரெண்டு மணின்னு தினமும் கணக்குப் போட்டுக்கிட்டேதான் கோழி வெட்டினேன். நீங்க பூ மாதிரின்னு சொன்னப்புறம்தான் மௌசி நான் தூங்க ஆரம்பிச்சேன்." அவள் குரல் உயரவேயில்லை. "அது பொய்யா, நேத்து சொன்னது பொய்யா?"

"ரெண்டுமே நெஜம். நேத்து சொன்னது உர்மிளாவ. அவ அம்மாவ."

"அப்ப பேரச் சொல்லியிருக்கலாமே."

பேரைச் சொல்லாமல் குத்தினால்தான் வலிக்கும் என்று மேடையில் அந்த நிமிஷம் சுக்ராஜிக்குத் தோன்றியிருந்தது. அதை எப்படிச் சொல்வது?

"எல்லார் முன்னாலயும் போய்ப் பேரச் சொல்லுங்க. அப்புறம் வாங்க" என்று சுனிலா கதவைச் சாத்தினாள்.

செவ்வாய்க்கிழமை ராமாயணம் படிக்கிற கூட்டத்தில் சுக்ராஜி சொன்னாள். படிப்பு முடிந்து பிரசாதம் கொடுக்கிற நேரம். எழுந்து நின்று, சொன்னது உர்மிளாவின் அம்மாவை என்றும், சுனிலா ஒரு பாவமும் அறியாதவள் என்றும் பேரோடு சொன்னாள். உர்மிளா கோபப்படவில்லை. எழுந்து வந்து, எல்லாரும் பார்க்க, சுக்ராஜியின் தோளை அணைத்துக்கொண்டாள். அன்றைக்குக் கை கூசவில்லை.

"மௌசி, எங்கம்மாவ ராணி மாதிரி வச்சிருந்தேன். ஊருக்கே தெரியும். உங்களுக்கு வயசாச்சு, ஆள் மாறிப்போச்சு. நான் வருத்தப்படல." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "பாவம், அந்தச் சுனிலா போய் அழுதிருப்பா. பழிய யார் மேலயாவது போடச் சொல்லியிருப்பா. இவங்க வெள்ளந்தி" என்றாள்.

கூட்டம் தலையாட்டியது. ராணி மாதிரி வைத்திருந்தது எல்லாருக்கும் தெரியும். அவள் வீட்டில் ஐந்து குளியலறை இருக்கிறது.

அந்த வாரம் ஷலேந்திரா அவினேஷை ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பேசினான். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவின் உடம்பைப் பற்றி மட்டும் விசாரித்தான். அவினேஷ் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"டாக்டர்கிட்ட ஒரு நடை போய்ட்டு வந்துடலாம்மா. மறதி இருக்கான்னு பாப்பாங்க."

"எனக்கு மறதியா? நூத்தி அறுபத்திரண்டு பேரையும் வரிசையாச் சொல்லவா?"

"அதான்மா பிரச்சனையே. சொல்லாதே."

டாக்டர் வெள்ளைக்காரர், நல்ல மனிதர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கரும்புத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் எண்பத்தாறில் திணறினாள். நாட்டின் பிரதமர் யார் என்றார். அவள் கவலைப்படாத விஷயம். கடிகாரம் வரையச் சொன்னார். பேனா பிடித்துப் பழகாத கையில் வட்டம் கோணியது. "மறதி ஆரம்ப நிலையாக இருக்கலாம்" என்று ஒரு காகிதம் வந்தது. அவினேஷ் அதைப் படமெடுத்து ஷலேந்திராவுக்கு மட்டும்தான் அனுப்பினான். ஷலேந்திராவிடமிருந்து அது எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. மௌசிக்காகப் பிரார்த்தியுங்கள் என்று கீழே எழுதி, கூப்பின கை படமும் போட்டிருந்தது.

ஜூலையில் சுனிலா வீட்டைக் காலி செய்துவிட்டாள். தொழிற்சாலையில் கூட வேலை செய்த பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளோடு உட்காருவதை நிறுத்திவிட்டதாக ஹர்பால் வந்து சொன்னார். தெற்குத் தீவுக்கா, ஆஸ்திரேலியாவுக்கா, எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. சுக்ராஜி அவள் நம்பருக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்தாள். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்றது ஒரு குரல்.

அதே மாதம் ஒரு கிழவி செத்துப்போனாள். நூற்று அறுபத்து மூன்றாவது. சுக்ராஜி புடவை மாற்றிக்கொண்டு போன் பக்கத்தில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நிறுவனத்துப் பெண்களே கையுறை போட்டுக் கழுவினார்களாம். வேலை சீக்கிரம் முடிந்ததாம். "சுத்தமாவும் இருந்துச்சு" என்று அவினேஷின் மனைவி கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உர்மிளா வந்தாள். கையில் ஒரு டப்பா லட்டு. அவினேஷ் ஓடி ஓடி நாற்காலி போட்டான். டீ போட உள்ளே போனான். உர்மிளா இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் இடிக்கிற தூரத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

"மௌசி, யாருக்கும் சொல்ல மாட்டேன். எங்கம்மா முதுகு எப்படி இருந்துச்சு?"

சுக்ராஜி லட்டு டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

"அந்தக் கூலிக்காரி இப்பச் சொல்றா, நாத்தம் வருதுன்னு எங்கிட்டச் சொன்னாளாம். எனக்கு ஞாபகமில்ல. ரெண்டு மாசமாத் தூக்கமில்ல. இருந்துச்சு, இல்ல, ரெண்டுல ஒண்ணச் சொல்லிடுங்க மௌசி. உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்."

அவள் கை சுக்ராஜியின் கையைத் தேடிப் பிடித்தது. ஒரு வார்த்தை போதும். "இல்லை" என்றால் இன்று ராத்திரியே தூங்குவாள். "இருந்தது" என்றால் அழுது, புரண்டு, என்றாவது ஒரு நாள் தூங்குவாள். சுக்ராஜி இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். சுனிலா கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். அதற்கு உண்மையைச் சொல்லி என்ன ஆயிற்று?

"எனக்கு எங்க இருக்கும்மா ஞாபகம்? டாக்டரே எழுதிக் கொடுத்துட்டாரே" என்றாள்.

"மௌசி..."

"உங்கம்மாவ நான் கழுவினேனா? எப்போ?"

உர்மிளா கையை விட்டாள். டீ வந்தது. குடிக்காமல் எழுந்து போனாள். அதற்கப்புறம் இரண்டு தடவை தனியாக வந்தாள், ஒரு தடவை அழுதுகொண்டே போன் பண்ணினாள். சுக்ராஜி ஒவ்வொரு தடவையும் யாரம்மா நீ என்று ஆரம்பத்திலிருந்து விசாரித்தாள்.