நாலாயிரம் இருக்கை, எட்டாயிரம் பேர்

கான்சாஸில் எங்கள் ஊர் மில்ஃபோர்க்கின் ஜனத்தொகை ஆறாயிரம். கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அரங்கத்திலோ எட்டாயிரம் பேர் உட்காரலாம். இதைச் சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த சூறாவளி, கிழக்கு கேலரியைச் சுருட்டிச் சோளக்காட்டில் போட்டுவிட்டது. மிஞ்சியது மேற்குப் பக்கம் மட்டும்: நாலாயிரம் இருக்கை. ஹேசல்டன் கல்லூரியோடு நடக்கவிருந்த கடைசி ஆட்டத்துக்கோ, இரண்டு பக்கத்துக்கும் எப்போதோ டிக்கெட் விற்றாகிவிட்டது.

கிழக்கு கேலரிக்கு டிக்கெட் வாங்கியிருந்த ராய் பாங்க்ராட்ஸ் தீயணைப்பு அதிகாரி வெர்னா ஷ்ராக்கிடம் போனார்.

“ட்ரெய்லர் மேல வைக்கோல் கட்டை அடுக்கிடறோம்மா. ஆயிரம் பேரு உக்காரலாம்.”

“ஒருத்தன் சிகரெட்டைப் போட்டா ஆயிரம் பேரும் வறுவல்தான். நாலாயிரத்துக்கு மேல ஒரு தலை உள்ள வராது.”

“உங்கப்பா இருந்திருந்தா விட்டிருப்பாரு.”

“எங்கப்பா உங்களை நம்புனவரு. அதான் அவரு இரவல் குடுத்த ட்ராக்டர் இன்னும் உங்க கொட்டாயில நிக்குது.”

ஊரே வெர்னாவைத் திட்டியது. அவள் அசையவில்லை.

ஆட்டத்தன்று மேற்கு கேலரிக்காரர்கள் உள்ளே போனார்கள். மற்றவர்களான நாங்கள் ரேடியோவோடு வேலிக்கு வெளியே நின்றோம். ராயின் நண்பர் லேலண்ட் வோத், மகள் கல்யாணத்தையே ஆட்டம் இல்லாத வாரமாகப் பார்த்து வைத்தவர், எங்களைக் கடந்து உள்ளே போனார்.

“ஜலதோஷம் பிடிக்காம நில்லுடா, ராய்.”

“போடா! உன் மூஞ்சியப் பாத்தாலே நம்ம பசங்க தோத்துருவானுங்க.”

உள்ளே ஒவ்வொரு முறை ஆரவாரம் எழுந்து அடங்கும்போதும், வெளியே ரேடியோ கேட்டவர்களின் ஆரவாரம் ஒரு மூச்சு தாமதமாக எழுந்தது. லேலண்ட் திரும்பித் திரும்பி வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பாதி ஆட்டம் முடிந்தபோது இரண்டு அணியும் சமம். அவர் எழுந்து, வெர்னா காவல் நின்ற வாசலுக்கு வந்தார்.

“வெர்னா, நான் வெளிய போயிட்டா உள்ள ஒரு எடம் காலிதானே?”

“ஆமா.”

“அப்ப வேற ஒருத்தன் வரலாம்ல?”

வெர்னா வழி விட்டாள். “தாராளமா.”

லேலண்ட் ராயின் தோளைப் பிடித்துத் தள்ளினார். “போடா. பன்னெண்டாவது வரிசை.”

“பைத்தியமா உனக்கு? ஆட்டம் சமமா நிக்குதுடா!”

“அதான் போங்கறேன். நான் மனசு மாறதுக்குள்ள போய்த் தொலை.”

மேலே இருந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். பன்னிரண்டாவது வரிசை முழுக்க எழுந்தது. பிறகு அதற்குக் கீழ் வரிசை, மேல் வரிசை. உள்ளே இருந்த ஹேசல்டன்காரர்களும் இறங்கி, வெளியே நின்ற தங்கள் ஆட்களுக்கு இடம் விட்டார்கள். வெர்னா இரண்டு கதவையும் திறந்து வைத்தாள். ஒன்றில் வெளியே, ஒன்றில் உள்ளே. கடைசி ஆள் உட்காரும்வரை பேண்டு வாத்தியம் ஓயவில்லை. நடுவர்களும் காத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்த பலகையில் முன்பு இருந்தவரின் சூடு இன்னும் ஆறவில்லை.

மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். யாரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை.

வசந்தத்தில் ஹேசல்டனிலிருந்து வெல்டிங்காரர்கள் லாரியில் வந்திறங்கி, எங்களோடு சேர்ந்து கிழக்கு கேலரியை எழுப்பினார்கள். வெர்னா ஒவ்வொரு இணைப்பையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள்.

“எங்க மேல நம்பிக்கை இல்லியா?” என்றான் ஹேசல்டன்காரர்களில் ஒருவன்.

“ஜெயிச்சவங்க வெச்ச வெல்டிங்காச்சே. சும்மா விட முடியுமா?” என்றாள்.