ரதி ஏறாத முன் சீற்

நான் அந்தக் காரை வாங்கியபோது அதில் புல் முளைத்திருந்தது. வெளியே அல்ல, உள்ளே. ஹெலன்ஸ்வில் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலுக்குப் பின்னால் பதினெட்டு வருடம் மழை குடித்துக்கொண்டு நின்ற எழுபத்து நான்காம் ஆண்டு ஃபால்கன். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், ஒரு வீட்டு முற்றத்தை அடைக்கும் அளவுக்கு மூக்கு. கொஞ்சம் துரு இருக்கிறது என்றுதான் விற்றவர் சொன்னார். துருதான் இருந்தது. இடையிடையே கொஞ்சம் காரும் இருந்தது.

பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் டிரைவ்வேயில் அதை இறக்கிவிட்டு லொறி போனதும் என் மனைவி ரதிதேவி வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்கு நாளாந்தம் தண்ணி ஊத்தவேணுமோ?"

"ரதி, இது கிளாசிக் கார்."

"ஓம், புல்லு நல்ல கிளாசிக்காத்தான் வளந்திருக்கு."

கதிர்காமநாதனுக்கு ஐம்பத்தைந்து வயதுக் கோளாறு என்று என்னைப் பற்றிச் சனம் கதைத்தது. மங்கரேயில் விமானச் சரக்குக்குப் பத்திரம் நிரப்புகிறவன் நான். என் கையில் இருந்த மிகப் பாரமான ஆயுதம் ஸ்டேப்ளர். ஆனால் எனக்கு ஒரு காரணம் இருந்தது. ரதி என் பக்கத்தில், முன் சீற்றில், ஏறி இருக்கவேண்டும். ஆறு வருடமாக அவள் ஏறவில்லை.

எனக்கு ஒரு வியாதி. பகிடி விட்டால் கேட்கிறவரின் முகத்தைப் பார்க்கவேண்டும். சிரிப்பு எந்த மூலையில் தொடங்குகிறது என்று பார்க்காவிட்டால் விட்ட பகிடி செரிக்காது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு ரவுண்டபவுட்டில் நல்ல பகிடி ஒன்றை விட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பி ரதியின் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கத்தான் தொடங்கியிருந்தாள். அதற்குள் மின்கம்பம் வந்துவிட்டது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. அவளுடைய இடது மணிக்கட்டில் இன்றைக்கும் இரண்டு ஸ்குரூ இருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லர்ஸ்லியில் இருக்கும் தன் வேலைக்கு அவள் போவது பஸ்ஸிலும் ரயிலிலும். கோயிலுக்கு, கலியாண வீட்டுக்கு என்று என்னோடு வந்தே ஆகவேண்டுமென்றால் பின் சீற். கோயில் வாசலில் ஒருவர் என்னிடம், "தம்பி, திரும்பிப் போகேக்க என்னையும் ஏத்துவீரோ? எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்.

ஏன் இந்தப் பழைய கார் என்றால், நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சாண்ட்ரிங்ஹாம் பஸ் தரிப்பில் நின்றபோது இப்படியொரு செம்மஞ்சள் கார் உறுமிக்கொண்டு போனது. "வடிவான கார் என்ன?" என்றாள் ரதி. இருபத்தைந்து வருடத்தில் அவள் புகழ்ந்த ஒரே கார். அதைச் செம்மஞ்சள் அடித்து முன் கதவைத் திறந்துவிட்டால் ஏறாமல் போவாளா?

அடுத்த தெருவில் ராஜூ இருந்தான். ஈப்போக்காரன். விமான நிலையத்தில் பெட்டி இழுக்கும் டிராக்டர்களைத் திருத்துகிறவன். சனிக்கிழமைகளில் வெல்டிங் மெஷினோடு வருவான்.

"அண்ணே, துருவை மூடாதீங்க. வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வைக்கணும். மூடினா உள்ளாற அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கும்."

"எவ்வளவு வெட்டவேணும் ராஜூ?"

அவன் காரை ஒரு தரம் பார்த்தான். "கண்ணாடியை வச்சுக்கலாம்ணே."

மூன்றாம் சனிக்கிழமை நான் பின்பக்கத் தரையில் ஓர் ஓட்டைக்குப் பசை பூசிக்கொண்டிருந்தபோது ரதி தேத்தண்ணியோடு வந்தாள். பல் வைத்தியர் ஒருவருக்கு உதவியாளராகப் பதினாறு வருடமாக நிற்கிறவள்.

"உதென்ன செய்யிறீங்கள்?"

"ஓட்டை அடைக்கிறன்."

"சூத்தைப் பல்லுக்கு மேல அடைச்சா நிக்குமோ? நல்ல பல்லு தெரியுமட்டும் குடையவேணும்."

தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். பல்லைக் குத்திப் பார்க்கிற வளைந்த ஊசி ஒன்றோடு திரும்பி வந்தாள். குனிந்து தரையில் அங்குலம் அங்குலமாகக் குத்தினாள். விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். "இது நல்லது. இது சூத்தை. இதைப் பிடுங்கத்தான் வேணும்." ராஜூ சோக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போனான். பிறகு ரதி மாஸ்க், கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு கிரைண்டரைக் கையில் எடுத்தாள். அவளுக்கு அது வேலைக்குப் போகிற உடுப்புத்தானே. நெருப்புப் பொறி பறக்க, தகரத்திடம், "கொஞ்சம் நோகும், பொறுங்கோ" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

ஒரு வருடத்தில் பின்பக்கத் தரை முழுவதும் ரதி வெட்டி ராஜூ ஒட்டியதாகிவிட்டது. எஞ்சின் ராஜூவின் புண்ணியத்தில் உறுமத் தொடங்கியது. நான் பெயின்ற் அடித்தேன், தேத்தண்ணி ஊற்றினேன், பகிடி விட்டேன். அவள் முன் சீற்றில் இருப்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மிச்சம் இருந்தது அவள் கால் வைக்கப்போகிற முன்பக்கத் தரை மட்டும். ரதி தன் அண்ணன் மகளின் கலியாணத்துக்கு சிட்னி போய்விட்டாள். ராஜூவுக்கு இரண்டு கிழமை தொடர்ந்து ஷிப்ட். அவள் வருவதற்குள் முடித்து அசத்தவேண்டும் என்று எனக்கு அவசரம். வெல்டிங் எனக்கு வராது. கராஜ் மூலையில் பஸ்மதி அரிசிச் சாக்கு ஒன்று கிடந்தது. வெட்டி ஓட்டையில் வைத்தேன். மேலே பசை, அதற்கு மேல் கறுப்புப் பெயின்ற், அதற்கு மேல் புது ரப்பர் விரிப்பு. பார்க்கப் பளபளவென்று இருந்தது.

வெள்ளோட்டம் ஒரு சனிக்கிழமை காலை. ஓடத் தகுதியான கார் என்று வாறன்ட் பத்திரம் எடுக்க முதல் றோட்டில் இறக்கேலாது. ஆனால் எங்கள் டிரைவ்வே நாற்பது மீட்டர் நீளம். கராஜிலிருந்து தபால் பெட்டி வரைக்கும் போய் வருவதாகத் திட்டம். நான்கு சில்லுக்கும் கீழே நான்கு தேசிக்காய். கற்பூரம். ராஜூவின் மனைவி கிளாரா தன் பங்குக்கு பொனற்றில் சிலுவை போட்டாள். எல்லாக் கடவுளிடமும் பதிந்தாயிற்று.

ரதி செம்மஞ்சள் சேலையில் வந்தாள். நான் முன் கதவைத் திறந்து பிடித்தேன். இரண்டு கையாலும். பாரமான கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடைப்பதற்கு வைத்திருந்த தேங்காயை எடுத்துக் காதருகே தட்டிப் பார்த்தாள். நல்ல தேங்காய். ராஜூவிடம் கொடுத்தாள். பிறகு குனிந்து, விரிப்பைத் தூக்கி, அதே முட்டியால் தரையைத் தட்டினாள். பின்பக்கம் "ணங்" என்றது. முன்பக்கம் "தொப்" என்றது.

கைப்பையிலிருந்து அந்த ஊசி வந்தது. ஒரு குத்து, ஒரு இழுவை. நூல் வந்தது. நூலின் நுனியில் இரண்டு அரிசி.

"இதென்ன?"

"பஸ்மதி," என்றேன்.

"அண்ணே, பிரியாணிக்கா செஞ்சீங்க?" என்றான் ராஜூ. கிளாரா அவன் விலாவில் இடித்தாள்.

ரதி ஏசவில்லை. முன் சீற்றை மடித்து, சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, வளைந்து நெளிந்து பின்னால் ஏறினாள். "பின்னுக்கு நான் பாத்தது. நான் இஞ்சயே இருக்கிறன்."

தேசிக்காய் நான்கும் நசிந்தன. எட்டு சிலிண்டரும் தெருவை எழுப்பின. தபால் பெட்டி நோக்கி நடை வேகத்தில் போனோம். மனம் கேட்கவில்லை, "மேடம், எயார்போட்டுக்கோ?" என்று விட்டுவிட்டுக் கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடினேன்.

"முன்னுக்குப் பாருங்கோ," என்றாள். அவ்வளவுதான்.

ராஜூவும் கிளாராவும் போன பிறகுதான் கதைத்தாள். "கோவம் சாக்குக்கில்லை. என்ர கையையும் ஏழு வருசமா இப்பிடித்தான் அடைச்சு வைச்சிருக்கிறீங்கள். போற இடமெல்லாம் பகிடியால ஒரு பூச்சு."

எனக்கு விளங்கியது. 'என்ர பகிடிக்குச் சிரிச்சா ஆக்களுக்கு வயிறு நோகும், என்ர மனிசிக்கு மட்டும் கை முறிஞ்சுது.' இதை நான் குறைந்தது நாற்பது வீட்டில் சொல்லியிருக்கிறேன். முதல் தடவை ரதியும் சிரித்தாள். மற்ற முப்பத்தொன்பது தடவையும் நான் பார்த்துக்கொண்டிருந்தது மற்றவர்களின் முகத்தை.

ஞாயிறு காலை தனியாகக் கராஜுக்குப் போனேன். விரிப்பை எறிந்தேன். மாஸ்க் போட்டு, கிரைண்டரை எடுத்து, என் பளபளப்பை வெட்டினேன். சாக்கு வந்தது, பசை வந்தது, பிறகு துரு வந்தது. நல்ல தகரம் தெரியும்வரை வெட்டினால் அங்கே ஒரு பெரிய ஓட்டைதான் மிஞ்சியது. கீழே கராஜின் சீமெந்துத் தரை தெரிந்தது.

சத்தம் நின்றதும் ரதி இரண்டு கோப்பையோடு வந்தாள். ஓட்டையை எட்டிப் பார்த்தாள். ஊசியால் விளிம்பைச் சுற்றிக் குத்தினாள். ஒரு கோப்பையை என்னிடம் தந்துவிட்டு முன் சீற்றில் ஏறி இருந்தாள். இரண்டு காலையும் ஓட்டைக்குள்ளால் விட்டு, சிலிப்பரோடு சீமெந்தில் ஊன்றிக்கொண்டாள்.

"இப்ப பயமில்லை. கால் நிலத்தில இருக்கு."

நான் மற்றப் பக்கத்தால் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வாயில் மூன்று பகிடி வரிசையில் நின்றன. கால் ஊன்றிய இடத்தைப் பற்றி ஒன்று மிக நல்லது. விழுங்கினேன். சூடான தேத்தண்ணியை விடக் கஷ்டமாக இருந்தது.

"ரதி..." என்று இடப்பக்கம் திரும்பினேன்.

"இஞ்ச பாக்காதேங்கோ. முன்னுக்குப் பாருங்கோ."

முன்னுக்குக் கராஜ் சுவரோடு எங்கள் மீன் ஃபிரீசர் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அண்டைக்கு நான் றோட்டைப் பாக்கேல்லை. பிழை என்ரதான். உமக்கு நொந்தது. நான் ஒருநாளும் மன்னிப்புக் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன்."

ஃபிரீசர் மெல்ல உறுமியது. அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் நான் ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தேத்தண்ணி ஒரு வாய் உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு விரல் முட்டியொன்று என் நெஞ்சில் இரண்டு தரம் தட்டியது.

"உள்ளுக்கு சாக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை," என்றேன். ஃபிரீசரைப் பார்த்துக்கொண்டுதான்.