அரைப் பேர்

தகரச் சட்டியில் அகப்பையால் அடிக்கிற சத்தம் கேட்டு வேலாயி கண் விழித்தாள். நாலாபக்கமும் சமுத்திரம். மாலைத்தீவுக்குத் தெற்கே, பறவைகூட வழி தவறித்தான் வரும் என்கிற ஓரிடத்தில், அவள் புருஷன் அழகர் பெரட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அவர் கங்காணி. விடியலில் தப்படித்து ஆட்களைக் களத்தில் நிறுத்தி, பேர் கேட்டு, இன்னாருக்கு இன்ன மலை என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. கடலில் மலையும் இல்லை, ஆளும் இல்லை. பெண்டாட்டி ஒருத்திதான் இருந்தாள். அதற்காகப் பெரட்டை விட்டுவிட முடியுமா? இடுப்பில் சாரம், தலையில் செத்துப்போன துரையின் தொப்பி, கையில் கம்பு. மற்றபடி உடம்பில் ஒன்றுமில்லை.

"பேரு?"

"வேலாயி."

"அப்பன் பேரு?"

"ஒங்க மாமனாரு பேருதான். மறந்துருச்சாக்கும்."

"வாய மூடு. நேத்து எத்தன மீனு?"

"ரெண்டு."

"அரப் பேரு."

தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் பாதிச் சம்பளம்தான் விழும். அதற்குத்தான் அரைப் பேர் என்பது. படகில் சம்பளம் இல்லாததால் அழகர் குடிதண்ணீரில் பிடித்தம் போட்டார். முழுப் பேருக்கு ஒரு சிரட்டை, அரைப் பேருக்கு அரைச் சிரட்டை. மழைத்தண்ணீர்ப் பீப்பாயின் சாவி அவருடைய அரைஞாணில் தொங்கியது. மழை கண்டு பல நாளாகியிருந்தது. வேலாயியின் உதடு வெடித்து, பேசினால் ரத்தம் வந்தது. அதற்காக அவள் பேச்சைக் குறைத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் கடலுக்கு வந்த கதையைப் பதுளை பஸ் ஸ்டாண்டில் சொன்னால் சிரிப்பார்கள். தொண்ணூற்றெட்டில் ஹெல்முட் என்றொரு வெள்ளைக்காரத் துரை தோட்டத்துப் பங்களாவுக்கு விருந்தாளியாக வந்து, வேலாயி வைத்த கோழிக் குழம்பைத் தின்று, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, இந்தக் கையை விட்டுப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். காலித் துறைமுகத்தில் அவருடைய பாய்மரப் படகு நின்றது. படகென்றால் ஒன்றல்ல. எதிரும் புதிருமான இரண்டு லயத்து வீட்டு வரிசை மாதிரி இரண்டு ஓடங்கள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குக் கட்டைகள், நடுவே இழுத்துக் கட்டிய கயிற்று வலை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக அந்த வலைமேல் தவழ வேண்டும். சமைக்க வேலாயி, கயிறிழுக்க அழகர் என்று பேச்சானது. கடலில் கசிப்புச் சாராயக் கடை இருக்காது, ஆகவே அடியும் இருக்காது என்று வேலாயி கணக்குப் போட்டாள். துரையின் விஸ்கிப் பெட்டிகளைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அடி என்றால் சாதாரண அடியா? இடது காது கேட்காமல் போய்ப் பதுளை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது, "மலையில வழுக்கி விழுந்துட்டேனுங்க" என்றாள். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனம்மா, உங்கட மலை மோதிரம் போட்டிருக்குதோ?" என்று கேட்டார். வேலாயியும் சும்மா இருந்தவள் இல்லை. அழகரின் வலது காது மடலில் ஒரு துண்டு குறையும். அதை அவள் துப்பிய இடத்தில் அடுத்த வருஷம் கத்தரி நன்றாகக் காய்த்தது.

துரை ஒரு வருஷம் இருந்தார். ஒருநாள் காற்றுத் திடீரென்று பக்கம் மாறியது. பாயின் அடிக்கட்டை ஒரு வீச்சு வீசியது. குனிய வேண்டிய துரை அப்போதுதான் சோம்பல் முறிக்க நிமிர்ந்தார். சிதறு தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. சாமி காரியம்தான் நடக்கிறது என்று வேலாயி கும்பிடப் போனாள், சிதறியது என்னவென்று பார்க்கும்வரை. விபூதி பூசி, தெரிந்த ஒப்பாரியைப் பாடி, அவரைக் கடலுக்குக் கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் வடக்கே வந்தார்கள். ஆனால் தமிழ்ப் பேச்சு, அடையாள அட்டை இல்லாத இரண்டு பேர், சொந்தமில்லாத படகு, காணாமல்போன வெள்ளைக்காரர். இதில் ஒன்று இருந்தாலே ஆளை உள்ளே தள்ளப் போதுமான சண்டைக் காலம் அது. இலங்கைக் கரை கோடாய்த் தெரிந்தபோது நேவியின் சாம்பல் நிறப் படகொன்று எதிரே வந்து, ஒன்றும் கேட்காமல் சுட்டது. அழகரின் சுண்டுவிரல் கடலில் விழுந்தது. அவர் படுக்கிற ஓடத்தில் வரிசையாய்த் துளை விழுந்தது. ஒரு குண்டு சோற்றுப் பானைக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டது. வேலாயி அதைக் கல் என்று நினைத்துப் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் சோறு வடித்தாள்.

அதற்குப் பிறகு தீவு தீவாகத் திரிந்தார்கள். கருவாடு கொடுத்து அரிசி வாங்கினார்கள். தென்னை இருக்கிற தீவென்றால் அழகர் கள்ளிறக்கி, அதைக் காய்ச்சிக் கசிப்பாக்கிக் கொண்டு வருவார். துரையின் ஓடத்தை வேலாயி எடுத்துக்கொண்டாள். அதில் ஒரு கதவு இருந்தது. கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டி இருந்தது. லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவில் மாமியார், கொழுந்தன், கோழிக்கூடு என்று எல்லாவற்றோடும் படுத்தெழுந்தவள், முதல் நாள் அந்தக் கொண்டியைப் போடுவதும் எடுப்பதுமாகவே இருந்தாள். வெளியே அழகர் உதைத்தார். கதவு தேக்கு. கால் வீங்கி அவர் கத்துவதை அவள் மல்லாந்து படுத்துக் கேட்டாள். அவ்வளவு நல்ல ஒப்பாரியை அவள் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை.

இன்றைக்கு அரைப் பேர் போட்ட பிறகும், தன் ஓடத்தில் நின்ற அழகர் களத்தைக் கலைக்கவில்லை.

"என் காம்பிரா ஒழுகுது. படுக்க முடியல. இன்னையிலிருந்து நா ஒன் பக்கம் வந்துருவேன். கொண்டியக் கழட்டி வையி."

"ஒழுகுற காம்பிராவுல நா இருவது வருசம் கெடந்தேன். அப்ப கங்காணி எந்தத் தொரைகிட்டப் போயி சொன்னீக?"

"கொண்டியக் கழட்டுறியா, கைய ஒடிக்கவா?"

"இங்க வந்து கேளுங்க."

கம்பு பறந்து வந்து அவள் புருவத்தைப் பிளந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்க, அவள் உள்ளே போய்க் கொண்டியைப் போட்டாள். பாய்க்கயிறு சுற்றுகிற இரும்புக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு அழகர் வலைமேல் ஏறினார்.

தோட்டத்தில் கவ்வாத்து ஆம்பிளை வேலை. தேயிலைச் செடியை மொட்டையாக வெட்டுகிற அந்தக் கத்தியை அழகர் பொம்பிளை கையில் கொடுத்ததே இல்லை. ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்த அதை, நேற்று ராத்திரி அவர் குடித்து மட்டையாகிக் கிடந்தபோது வேலாயி எடுத்தாள். வலையைப் பிடித்திருந்த கட்டுகளை ஒவ்வொன்றாகச் சீவி, நூலளவில் நிறுத்தினாள். ஒன்றை மட்டும் தொடவில்லை. கவ்வாத்தில் செடி மூச்சுவிட ஒரு கிளையை விட்டுத்தான் வெட்டுவார்கள். அவள் பார்த்திருக்கிறாள்.

நடுவில் வந்ததும் வலை படபடவென்று தெறித்தது. இரும்பு முதலில் போனது. அழகர் இரண்டு ஓடங்களுக்கும் நடுவே, மிஞ்சிய ஒரே கட்டோடு தொங்கிய வலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அலை அவரை ஒரு ஓடத்தில் அறைந்தது. விலாவில் ஏதோ முறிந்தது, தோலும் கிழிந்தது. மறு அலை மறு ஓடத்தில் அறைந்தது. புருஷனை இப்படி மாறி மாறி அடிக்கிற ஒன்றை வேலாயி அன்றுதான் பார்த்தாள்.

கதவைத் திறந்து, கத்தியும் இன்னொரு தகரச் சட்டியுமாக வந்து அவள் குந்தினாள். கத்தியைக் கட்டின்மேல் வைத்தாள்.

"ஏ புள்ள, தூக்குடி! ரத்தத்துக்குச் சுறா வருதுடி!"

சட்டியில் மூன்று தட்டுத் தட்டினாள்.

"பேரு?"

"வெளையாடாத தாயி..."

கத்தி கொஞ்சம் இறங்கியது. கட்டின் புரி ஒன்று அறுந்தது.

"பேரு?"

"அழகரு!"

"அப்பன் பேரு?"

அதைச் சொல்லும்போது வாய் நிறைய உப்புத் தண்ணீர். அவள் குனிந்து, அரைஞாணைச் சாவியோடு அறுத்து எடுத்தாள். கத்தி கொஞ்சம் சதைக்கும் போனது. பிறகு அவர் அக்குளுக்குக் கீழே கயிறு கொடுத்து, பல்லைக் கடித்து இழுத்தாள். மார்பு மேலே வந்தது. வயிறு வந்தது. இடுப்பு வந்ததும் கயிற்றைத் தூணில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"ஏண்டி நிறுத்திட்ட? இன்னும் இழுடி!"

"அரப் பேரு."

தன் ஓடத்தில் இருந்த பீப்பாயைத் திறந்து ஒரு சிரட்டை முழுக்கக் குடித்தாள். அரைச் சிரட்டை மொண்டு அவர் முகத்துக்கு நேரே வைத்தாள். கத்தியை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, கொண்டியை விரலால் தள்ளினாள், இழுத்தாள், தள்ளினாள். அழகரின் மேல் பாதி நக்கி நக்கித் தண்ணீர் குடித்தது. கீழ்ப் பாதியைச் சுற்றி, கறுத்த முக்கோணம் ஒன்று அவசரமில்லாமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.