சுவரைப் பார்த்து உட்கார்ந்த அரசி

"இந்தக் கல்யாணம் செல்லாது மாமு" என்றாள் வஜிஹா, என் நாவலின் கடைசி அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

எனக்குச் சுருக்கென்றது. காலை ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தேன். பகலில் நான் ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டும் ஜமீர் அகமது. மிச்ச நேரத்தில் 'நெடுஞ்செவியர்' எழுதுகிற எழுத்தாளன். இங்கிலீஷ் கதைகளில் எல்ஃப் என்பார்களே, நீண்ட காதும் முடியாத ஆயுளுமாகக் காட்டில் வாழும் கூட்டம், அவர்களைத்தான் சானமாவுக் காட்டில் குடிவைத்திருந்தேன். 1988க்குள் மூன்று பாகம் அச்சாகிவிட்டது.

முதல் பாகத்தில் அவர்கள் அன்பானவர்கள். அரசிக்கு, செத்துப்போன என் அக்கா தாஹிராவின் முகம். பிறகு மச்சான் மறுகல்யாணம் செய்துகொண்டு, மகள் வஜிஹாவை என் வீட்டில் விட்டுவிட்டு மாலூர் போனார். இரண்டாம் பாகத்தில் நெடுஞ்செவியருக்குத் திமிர் ஏறியது. மூன்றாம் பாகத்தில் எனக்கும் சூப்பர்வைசருக்கும் தகராறு. அவர்கள் கொடியவர்களானார்கள். என்ன செய்வது, என் ஆத்திரத்துக்கு வேறு ஆள் இல்லை. எல்லாவற்றையும் சரிக்கட்ட, நான்காம் பாகத்தில் மனிதன் ஆதனுக்கும் அரசியின் மகளுக்கும் கல்யாணம் வைத்திருந்தேன்.

"ஏன் செல்லாது?"

"முதல் பாகத்துல அரசிதான் ஆதனுக்குப் பால் குடுத்து வளர்த்தாங்க. மறந்துட்டீங்களா? ஒரு தாய்கிட்ட பால் குடிச்சா கூடப்பொறந்தவங்க மாதிரி. நிக்காஹ் ஆவாது."

"அவங்க என்ன ஜமாத்துலயா இருக்காங்க? காட்டுக்காரங்க."

"எழுதறது நம்ம ஆளுதானே?"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அடுத்த ஞாயிறு அவளுக்கும் நிக்காஹ். வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்தவள், குந்தாரப்பள்ளிச் சந்தையில் வியாபாரம் பார்க்கும் நூருல்லா என்றதும் தலையாட்டியிருந்தாள். பத்து நாளாக வீட்டில் அவள் பாட்டுச் சத்தம்தான்.

"இன்னொண்ணும் தப்பு" என்று முதல் பாகத்தைப் புரட்டினாள். "மழை பெய்யுது, அரசி சுவரப் பார்த்துத் திரும்பி ஒக்காந்து பால் குடுக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. காட்டுல ஏது சுவரு?"

சோற்றிலிருந்து கையை எடுத்தேன்.

அந்தச் சுவர் காட்டில் இல்லை. தளியில், அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டில் இருந்தது. ஒரே வளவில் இரண்டு குடித்தனம். எனக்குப் பத்து வயது. அக்காவின் தலைச்சன் பிள்ளை பிறந்த வாரமே இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு காத்தூன் காய்ச்சலில் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள். அவள் கைக்குழந்தை கத்திக் கத்தி ஓய்ந்தபோது அக்கா அதைத் தூக்கி வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். "வெளிய சொல்லாதடா. புள்ள செத்தவ பாலு ஆவாதுன்னு மாமியா கத்துவாங்க" என்றாள். நான் சொல்லவில்லை. பிறகு மறந்தும் போனேன். அந்தக் காட்சியை என் சொந்தக் கற்பனை என்றே நம்பி எழுதினேன், பாராட்டுக் கடிதங்களும் வாங்கினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

காத்தூனின் அந்தக் குழந்தைதான் நூருல்லா.

"என்ன மாமு, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

கற்பனையில் பிசகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா இல்லை. காத்தூனுக்கு அன்று நினைவே இல்லை. உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் வாயை மூடினால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வேகும். இவள் சந்தோஷமாகப் போவாள், பிள்ளை பெறுவாள். மறுமையில் பதில் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். சொல்லிக்கொள்கிறேன் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு பயம் எனக்கு.

"மாமு, அந்தச் சுவரு எங்க இருந்துச்சு?"

அவள் சிரிப்பு போய்விட்டிருந்தது. தாஹிராவின் மகள், மண்டு இல்லை.

"தளியில" என்றேன்.

"அரசி?"

"உங்கம்மா."

"புள்ள?"

"பக்கத்து வீட்டுப் புள்ள" என்றேன். தளி வளவில் பக்கத்தில் யார் குடியிருந்தார்கள் என்பது அவளுக்கும் தெரியும். காத்தூன் பெண் பார்க்க வந்த அன்றே அந்த வீட்டுக் கதையெல்லாம் பேசித் தீர்த்திருந்தாள்.

"எத்தன தடவ? ஒண்ணு ரெண்டுன்னா பரவால்லன்னு சில பேரு சொல்வாங்களே."

"மூணு நாளும்."

வஜிஹா புத்தகத்தை மூடினாள். அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் கேக்காம இருந்திருக்கலாம்" என்றாள்.

"நான் எழுதாம இருந்திருக்கலாம்மா."

வாசலில் மொபெட் நின்றது. "மாமா, அம்மா அளவு ஜாக்கெட் வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று நூருல்லாவின் குரல் கேட்டது. நிச்சயமானதிலிருந்து அவன் வந்தாலே வஜிஹா உள்ளே ஓடி, திரைச்சீலைக்குப் பின்னால் நின்று சிரிப்பாள். நிக்காஹ் முடியும்வரை முகம் காட்டுவதில்லை.

நான் எழுந்தேன். "இரு, நான் போய்ச் சொல்றேன்."

"வேணாம்."

அவள் எனக்கு முன்னால் நடந்தாள். நழுவிக் கிடந்த முக்காட்டை எடுத்துப் போடவில்லை. கதவை முழுதாகத் திறந்து, அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உள்ள வாங்கண்ணே" என்றாள்.