உடையாத பதினைந்து குழாய்கள்

1

இந்தக் கதை பச்சைத் தண்ணீரிலிருந்து வந்தது. செங்கம் சாலையில் ஒரு விடுதியில் நாவல் எழுதத் தங்கியிருந்தேன். பௌர்ணமியன்று பிற்பகல் இரண்டு மணிக்குக் குளிக்கப் போனால் வெந்நீர் வரவில்லை. புகார் சொல்ல மொட்டைமாடிக்கு ஏறினேன். சோலார் ஹீட்டர் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. நிழலில் ஒரு பெண் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாவல் அத்தோடு நின்றது.

முதல் வாக்கியம்: ‘மலையின் தோளில் சூரியன் ஏறி, அந்த...’ [வேண்டாம்.]

இரண்டாவது: மெஹ்விஷ் சோலார் ஹீட்டர் மாட்டுபவள். [இது போதும்.]

(முதல் வரைவில் அவளை ஆணாக எழுதிவிட்டேன். நேரில் பார்த்த பிறகும்.)

2

அவள் பின்னொரு நாள் எனக்கு விளக்கியது:

“ரெண்டு கண்ணாடிக் குழாய், ஒண்ணுக்குள்ள ஒண்ணு. நடுவுல இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்துட்டு மூடிருப்பாங்க. உள்குழாய்ல கறுப்புப் பூச்சு. வெயில் உள்ள போவும், சூடு வெளிய வராது. சூடான தண்ணி மேல டேங்குக்கு ஏறிடும், பச்சத்தண்ணி கீழ எறங்கும். அவ்ளோதான்.”

“நடுவில் வெற்றிடம்,” என்றேன் ஆவலாக. தியானம் செய்ய ஆட்கள் வரும் இந்த ஊரில் அந்தச் சொல்லை எழுதினால் வாசகர் தானாகவே கண்ணை மூடிக்கொள்வார்.

“காத்து இல்லீங்க. வேற ஒண்ணும் இல்ல,” என்றாள்.

3

அன்று காலை ஏழு மணிக்கு அவள் உப்புப் படிவை எடுக்கக் குழாய்களைக் காலி செய்தாள். எட்டு மணிக்குள் மறுபடி நிரப்பிவிடலாம் என்று கணக்கு. அதற்குள் போர் மோட்டார் புகைந்து நின்றது. பதினைந்து குழாய்களும் வெறுமனே வெயிலில் காய்ந்தன. தார்ப்பாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். போய் எடுத்து வந்து போர்த்தும்போது மணி பதினொன்று.

பன்னிரண்டரைக்கு மோட்டார் சரியானது. விடுதிக்காரர் ராஜமாணிக்கம் மேலே வந்தார்.

“வால்வைத் தொறம்மா. நாலு மணிக்கு இருவது பேர் வராங்க.”

“இப்ப பச்சத்தண்ணி பட்டா குழாய் ஒடஞ்சிரும் சார். பொழுது சாயட்டும்.”

“அதான் போர்த்திட்டியே.”

“உள்ள போன சூடு வெளிய வராது சார். அதுக்குத்தானே வாங்குனீங்க. பாய் எடுத்தாராதது என் தப்பு. அதுக்கோசரம் இதையும் ஒடைக்கச் சொல்றீங்களா?”

“பத்து வருஷமா லாட்ஜ் நடத்தறேன். எனக்குத் தெரியாதா? தள்ளு, நானே தொறக்கறேன்.”

அவர் கை வைப்பதற்கு முன்னால் அவள் வால்வின் கைப்பிடியை ஸ்பேனரால் கழற்றிப் பைக்குள் போட்டாள். இந்த விடுதி போனால் பக்கத்து நான்கு விடுதிகளும் போகும். அந்த முதலாளிகள் எல்லாரும் அவருக்குச் சொந்தக்காரர்கள். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அவள் மொட்டைமாடிக் கதவருகே நிழலில் உட்கார்ந்தாள். ஆறரை மணி வரை எழவில்லை.

4

ஆறரைக்குத் தண்ணீர் விட்டாள். ஒரு குழாய்கூடக் கீறவில்லை.

வெயில் போனபிறகு நிரப்பிய தண்ணீர் எப்படிச் சுடும்? வந்திருந்த இருபது பேருக்காக ராஜமாணிக்கம் சமையலறையில் அண்டா வைத்து வெந்நீர் போட்டார். மெஹ்விஷும் ஒரு பக்கெட்டைத் தூக்கினாள். இருவரும் மூன்று மாடி ஏறி இறங்கினார்கள். கடைசிப் பக்கெட்டை வைத்ததும் அவர் சொன்னார்:

“மத்தியானமே தொறந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. நீதான் ஜாஸ்தி பண்ணிட்ட. இனிமே வர வேணாம்மா.”

அவள் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

5

இங்கேதான் எனக்குச் சிக்கல். உடைந்திருந்தால் அவள் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். உடையாமல் காப்பாற்றியதால் அவளிடம் சாட்சியே இல்லை.

முடிவு அ: அவர் தானே வால்வைத் திறக்கிறார், பதினைந்தும் வெடிக்கின்றன, மன்னிப்புக் கேட்கிறார். [எழுதினேன். நன்றாகவே இருந்தது.]

முடிவு ஆ: ஆறு மாதம் கழித்து அவரே போன் செய்து... [செய்யவில்லை. நான் விசாரித்தேன்.]

இரண்டையும் அவளிடம் படித்துக் காட்டினேன்.

“மொதல்ல எழுதுனதுல நான் ஜெயிக்கிறேன், இல்ல?”

“ஆமாம்.”

வரைவை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

“வேணாங்க. நல்ல குழாய்ங்க.”

அதனால் நான் உடைக்கவில்லை. அவளுக்கு நியாயம் கிடைத்தே தீரவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்களே எழுதிக்கொள்ளக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.

[                                        ]

கண்ணாடி உடையும் சத்தம் கேட்டால், அது நீங்கள் செய்தது.