கொசுறாகக் கொடுத்த வாக்கு

வாடிக்கையாளர் ஒருவர் புதுக் குழாயைத் திருகித் திருகிக் குறை தேடிக்கொண்டிருந்தபோது கடைக்காரரின் போனில் வீடியோ வந்து விழுந்தது. உப்பிப்போன கூரைப் பூச்சு, நடுவே பழுப்பாக ஒரு வட்டம், அதற்கு நேர் கீழே கட்டில், கட்டில்மேல் வாளி. கடல் தாண்டி அவர் வாடகைக்கு விட்டிருக்கும் மாடி வீட்டுக்குக் கீழே குடியிருப்பவரின் குரல்: "நல்லா பாருங்க சார். எங்கம்மா படுக்குற எடம். பேந்து தலையில விழுந்தா அப்புறம் நான் பேச மாட்டேன், போலீஸ்தான் பேசும்."

ஊருக்கெல்லாம் குழாயும் வாஷரும் விற்கிற மனிதரால் சொந்த வீட்டின் ஒழுகும் குளியலறைக்குள் ஒரு வாஷரை அனுப்ப முடியவில்லை. அனுப்பிய பிளம்பரெல்லாம் வாசலோடு திரும்பினார்கள். மனைவி இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, மாடியில் குடியிருக்கும் நர்ஸம்மாவை அழைத்தார்.

"ஏம்மா, பிளம்பர் என்ன புலியா? கால்மணி நேர வேலை!"

"புலியா இருந்தா தொறந்துடுவேண்ணே. நீங்க சொன்னபடிதானே நடக்குறேன்?"

"நான் என்னத்தச் சொன்னேன்?"

"'நான் கூட வராம ஒரு ஈ காக்கா உள்ள வராது'ன்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னார்தான். வாடகையைக் குறைக்கச் சொல்லி அவள் மல்லுக்கு நின்ற நாள் அது. பேச்சுவாக்கில், நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்தால் பழைய வீட்டுக்காரன் மாற்றுச் சாவி போட்டுக் கூடத்தில் வந்து நிற்பான் என்றாள். வியாபாரிக்கு அது போதாதா? விலையில் பிடி தளராமல், காசு செலவில்லாத ஒன்றைக் கொசுறாகத் தூக்கிப் போட்டார். அந்த நொடியே அவள் பேரத்தை விட்டாள். வெறுங்காற்றை விற்றுவிட்ட பெருமையில் அன்று இரண்டு காபி குடித்தார்.

"சரி, வாடகையில கொஞ்சம் கொறச்சுக்கிறேன். தொறந்து விடு."

"அன்னிக்குக் கேட்டேன், மாட்டேன்னீங்க. இப்ப அது எனக்கு வேணாம்ணே."

தள்ளுபடியை வேண்டாம் என்கிற வாடிக்கையாளரை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. எரிச்சலில் காது சூடானது. டிக்கெட் எடுத்துப் போகலாமென்றால் கடையை யார் பார்ப்பது? வக்கீலிடம் போனால், அவர் நோட்டீஸ் எழுதுவதற்குள் கூரை இறங்கிவிடும்.

"கீழ ஒரு வயசான அம்மா படுத்திருக்காங்கம்மா," என்றார். அவருக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "வீடியோல வர்றேன். வேலை முடியுற வரைக்கும் கூடவே இருக்கேன். அதுவும் வந்த மாதிரிதானே?"

அவள் போனை வைக்கவில்லை. "பிளம்பரை வரச் சொல்லுங்க, பாப்போம்," என்றாள் கடைசியில்.

சாயங்காலம் பிளம்பர் போனைக் கதவுக்கு நேராக நீட்டிப் பிடித்தார். தன் வீட்டுக் கதவுதான், ஆனால் அவர் வாங்கித் தராத பூட்டுகள் இரண்டு அதில் ஏறியிருந்தன. அழைப்பு மணியை அடித்தார். "இந்தக் குழாய் கடைசியா என்ன வெலை?" என்று கடையில் யாரோ கேட்டார்கள். விலை கேட்டவரை வாழ்நாளில் முதல்முறையாகக் கையமர்த்திவிட்டு, கல்லாவிலிருந்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனுக்கு நேராக நின்றார்.

கதவின் நடுவே இருந்த சின்னக் கண்ணாடித் துளை வெளிச்சமாக இருந்தது. பிறகு உள்ளிருந்து ஒரு கண் வந்து பொருந்த, இருண்டது. இருண்டபடியே இருந்தது.